நைனாவுக்கு ஒரு டேப்

…பதினோரு இஞ்ச் டேப்லெட் என்றால் எழுத்தெல்லாம் பெரிசாகத் தெரியும், அதுவரைக்கும் சரி, ஆனால் படுத்த வாக்கில் இதை நைனா எப்படிப் பிடிப்பார், ஒரு கையில் ஊசி ஏற்றியிருப்பார்கள், இன்னொரு கையால் இந்தத் தாம்பாளத்தைத் தூக்கி நெஞ்சுமேல் நிறுத்தினால் எத்தனை நேரம் தாங்கும், நழுவி விழுந்தால் கண்ணாடி போச்சு. எட்டரை இஞ்சில் ஒன்று இருக்கிறது, கைக்கு அடக்கம்தான், ஆனால் அதைத் தொட்டாலே "அது வேணாம் மேடம், ரொம்ப பேஸிக்கு, ஹேங் ஆவும்" என்று வாங்கி உள்ளே வைத்துவிடுகிறார் இந்தக் கடை ஆள், சட்டையில் குருபிரசாத் என்று பெயர் குத்தியிருக்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பையும் நிரந்தரமாகக் குத்திக்கொண்டிருக்கிறார், "மிட் ரேஞ்ச்ல இப்ப நல்லா ஓடறது இதுதான் மேடம்." ஓடட்டும், யார் வேண்டாம் என்றார்கள், எனக்கு வேண்டியது ஓடுகிற சாமான் இல்லை, ஒரு கட்டில் ஓரத்தில் சமர்த்தாக நிற்கிற சாமான். என்ன யூஸுக்கு என்று வந்ததுமே கேட்டார், படிக்கவா, ஆபீஸ் வேலைக்கா, படம் பார்க்கவா? படம் பார்க்க என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. இத்தனை நாளாக வீட்டிலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆஸ்பத்திரியில் சும்மா படுத்திருந்தால் பொழுது போகாதே நைனா, பழைய படமாகப் போட்டுப் பாரு என்று…

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், ராஜா அண்ணாமலைபுரம் ஆட்டோ ஸ்டாண்டிலும் பாதிப் பேருக்கு அவர் நைனாதான், துரைராஜ் என்று அவருக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கும் அடையாறு ஆஸ்பத்திரி ஃபைலுக்கும் மட்டும்தான் தெரியும். நாளைக் காலையில் அங்கே சேர்க்கிறோம். நாளை மறுநாள் அவர் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். கட்டி மட்டும் இல்லை, குரல்வளையே. கழுத்தில் ஒரு துளை போட்டுவிடுவார்கள், இனி மூச்சு அந்த வழியாகத்தான். கட்டியை எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், கொஞ்ச நாளைக்குப் பேசக்கூடாது என்று தெரியும், அதோடு சரி, மீதியை நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், நான், தம்பி செம்பியன், அம்மா. நந்தனம் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டு, பாண்டி பஜாரில் ஏ.சி. குளிரில் நின்று நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? எட்டரையா பதினொன்றா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன் அடிக்கிறது, செம்பியன்தான், காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. ஏ.சி. மெக்கானிக் அவன், வேளச்சேரியில் யார் வீட்டு மொட்டைமாடியிலோ நின்றுகொண்டு எனக்கு கிளாஸ் எடுக்கிறான். "அக்கா, ரெஃப்ரெஷ் ரேட்டு இன்னா கீதுன்னு கேட்டியா? தொண்ணூறுக்குக் கம்மின்னா வாங்காத, ஸ்க்ரீனு இஸ்துக்கினு நிக்கும்." இழுத்தால் என்னடா, தண்ணி வேணும் என்று கேட்கப்போகிற மனுஷனுக்கு ஸ்க்ரீன் வழுக்கிக்கொண்டு போனால் என்ன, நொண்டிக்கொண்டு போனால் என்ன? வீடியோ வேறு, வரிசையாக அனுப்பி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஒருத்தன் டப்பாவைக் கத்தியால் கீறித் திறக்கிறான், மோந்து பார்க்காத குறையாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், ப்ளஸ் இது மைனஸ் இது என்று பிரிக்கிறான், கேம் விளையாடினால் சூடாகிறதா என்று பின்பக்கம் தொட்டுப் பார்க்கிறான், ஒருத்தனாவது குரல் போன மனுஷனுக்கு இது உதவுமா என்று சொல்கிறானா? சரி, நானே பிரித்துக்கொள்கிறேன். திரை பளிச்சென்று இருக்கிறது, ப்ளஸ். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினால் என் மூஞ்சிதான் தெரிகிறது, மைனஸ், வார்டில் ஜன்னல் எந்தப் பக்கமோ. ஸ்பீக்கர் நான்கு, சத்தம் கணீரென்று வருகிறது, பெரிய ப்ளஸ். பேட்டரி நாள் முழுக்க நிற்குமாம், ஆனால் டப்பாவோடு வருகிற சார்ஜர் சோப்ளாங்கியாம், ஏறி முடிப்பதற்குள் மதியம் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை நைனா ப்ளக் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டியதுதானா? முதுகு வழவழவென்று வழுக்குகிறது, கவர் தனி, பேனா தனி, சிம் போடுகிற மாடல் ஸ்டாக் இல்லை. பிறகு எதுதான் இந்த டப்பாவோடு வருகிறது? தேய்ந்த விரலுக்கு வேலை செய்யுமா என்று கேட்டேன், நைனாவின் கட்டைவிரல் ரேஷன் கடை மிஷினில் பதியவே பதியாது, ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் அழிந்துபோன விரல். "டச்சுக்கு ரேகை எதுக்கு மேடம்" என்று குருபிரசாத் சிரித்தார். நல்லவேளை, ஒரு ப்ளஸ்.

அடையாறு டாக்டரம்மா ஆபரேஷன் பற்றிச் சொன்ன அன்றைக்கே கேட்டார். நானும் செம்பியனும் எதிரில் உட்கார்ந்திருந்தோம், நைனா வெளியே பெஞ்சில், யாரோ பக்கத்துப் பேஷன்ட்டிடம் வாய் ஓயாமல் கதை பேசிக்கொண்டிருந்தார், கரகரத்த குரல் கதவைத் தாண்டி உள்ளே வந்தது. "அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். செம்பியன் உடனே, "நாங்களே பக்குவமா சொல்லிடறோம் மேடம்" என்றான். அப்புறம் பயிற்சியெல்லாம் இருக்கிறது, வேறு விதமாகப் பேசக் கற்றுக்கொள்ளலாம், கருவி இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகும், ஆனால் இந்தக் குரல் திரும்பி வராது, அதையும் சொல்லிடுங்க என்றார். "அட்மிஷன் அன்னிக்கு நானே அவரைக் கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன், அவருக்குத் தெரியாம நான் எதுவும் செய்ய மாட்டேன்" என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தால் அம்மா, "நீ சொல்லு ஜோதி, நீதான் படிச்ச பொண்ணு" என்கிறாள். செம்பியன், "நீதான் பெரியவ" என்கிறான். நான், "நீதான்டா ஆம்பள, நீ சொல்லு" என்கிறேன். மற்ற நாளில் அவனை நான் ஆம்பளையாக மதித்ததே கிடையாது. இப்படியே ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு இந்த யோசனை வந்தது. "ஒரு டேப் வாங்கிக் குடுத்துருவோம்கா. இதுல எழுதினா அது பேசும் நைனான்னு காமிப்போம். அப்பால அதுவே புரிஞ்சிக்கும்." எங்கள் மூன்று பேருக்கும் அப்பாடா என்று இருந்தது. அம்மா எழுந்துபோய்க் காப்பிகூடப் போட்டாள். ஒரு சாமானை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் விஷயத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று வேறு எந்தக் குடும்பத்திலாவது நினைப்பார்களா? கல்யாணப் பத்திரிகையா இது, வெற்றிலைபாக்கோடு தட்டில் வைத்து நீட்டுவதற்கு?

சரி, வந்த வேலையைப் பார். "டைப் பண்ணினா இது பேசுமா?" என்று கேட்டேன். குருபிரசாத் என்னை ஒரு மாதிரி பார்த்தார், படம் பார்க்கத்தானே கேட்டீங்க என்று கேட்கவில்லை, "பேசும் மேடம், தமிழே பேசும், நெட் இல்லாமயும் பேசும்" என்று ஏதோ ஒரு ஆப்பை இறக்கிக் காட்டினார். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவரே அடித்தார். ஒரு பெண் குரல், எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றது, தேன் ஒழுக. ஆம்பளைக் குரல் இல்லையா? இருக்கிறது. அது எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்வதைக் கேட்டால் சென்ட்ரலில் ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் வருகிறது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. நைனா எந்த ஜென்மத்தில் எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொன்னார்? நான் வாங்கி, நைனா சொல்வதை அடித்தேன். இன்னாமே, இம்மாம் நேரம் எங்க பூட்ட. அம்மாவைக் கேட்பது அது. மிஷின் அதை ஒவ்வொரு எழுத்தாகக் கழுவி மொழுகி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. டேய் கய்தே, வண்டிய ஓரங்கட்றா, சாவுகிராக்கி, என்று அடித்தேன். நான்கு ஸ்பீக்கரிலும், கல்யாணத்துக்கு வாருங்கள் என்று அழைப்பதுபோல அத்தனை மரியாதையாக அது அப்படியே சொன்னது, வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி இரண்டு பேரும் திரும்பினார்கள். குருபிரசாத்துக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, குத்தி வைத்த சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதனால் வேகத்தைக் கூட்டினேன், குரலைத் தடிமனாக்கினேன், கரகரப்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கூட்டினால் ஈ மாதிரி பேசுகிறது, குறைத்தால் பிசாசு மாதிரி பேசுகிறது, மனுஷன் எங்கே இருக்கிறான் இதில்?

பேசிப் பேசியே வாழ்ந்த ஆள். ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்த பிறகும் விடிவதற்கு முன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பழைய ஸ்டாண்டுக்குத்தான் வருவார், அங்கேயே ஓட்டலாமே நைனா என்றால், "அங்க யாருமா என் பேச்சு கேக்கறான், எல்லாம் கதவச் சாத்திக்கினு கீறானுங்க" என்பார். சவாரி போகிறவர்கள் எல்லோரிடமும் பேச்சு, பீச் ரோட்டில் காற்று அடிக்கிற அடியில் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது, அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது, கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபெயிலாகி, தப்பாகச் சொல்லக்கூடாது, ஒரே ஒரு பேப்பரில் ஃபெயிலாகி சுருண்டு படுத்திருந்தபோது என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவான்மியூர் வரைக்கும் பேசிக்கொண்டே போனார், திரும்பி வரும்போதும் பேசிக்கொண்டே வந்தார், என்ன சொன்னார் என்று இன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை, சத்தம் மட்டும்தான் ஞாபகமிருக்கிறது, அந்தச் சத்தத்தில்தான் எழுந்து திரும்பப் பரீட்சை எழுதினேன். இப்போது பீடி பாதியைத் தின்றுவிட்டது, கட்டி மீதியைத் தின்றுகொண்டிருக்கிறது, பேச ஆரம்பித்தால் முதல் இரண்டு வார்த்தை காற்றாகப் போய்விடுகிறது, தொண்டையைச் செருமி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அப்போதும் நிறுத்துவதில்லை.

டிங் என்றது. வாட்ஸப்பில் அவர்தான். காதில் வைத்துக் கேட்டேன். "ஜோதி… இன்னாமா, வாங்கிட்டியா? பெர்சா கீறதா வாங்கு, சின்னது வேணாம், கண்ணு தெரில. அப்பால சவுண்டு நல்லா கீதான்னு பாத்து வாங்கு, பாட்டு கேக்கறதுக்கு. நீ துன்னியா? மொதல்ல எதுனா துன்னு." பதினோரு இஞ்ச்தான் அப்போ, தீர்ந்தது பிரச்சினை என்று நினைத்துக்கொண்டே ஸ்க்ரீனை மேலே தள்ளினேன், ஏன் தள்ளினேன் என்று தெரியவில்லை, மேலே இன்னொரு மைக் படம், அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று… போன வாரம், போன மாதம், தீபாவளி, எல்லாம் மைக், எல்லாம் பேச்சு, நடுவில் என் பக்கத்திலிருந்து ஓகே நைனா, சரி நைனா, அப்புறம் கேக்கறேன் நைனா. ஒரு எழுத்து இல்லை. இந்த ஆள் எனக்கு ஒரு எழுத்துகூட அடித்ததில்லை! எப்படி அடிப்பார், நாலாம் கிளாஸோடு நின்றவர், பஸ் போர்டு படிப்பார், சுவரில் போஸ்டர் படிப்பார், கையெழுத்து ஒன்று போடுவார், அதற்கு மேல் எழுதி நான் பார்த்ததே கிடையாது, பாட்டு தேட வேண்டுமென்றால்கூட மைக்கை அழுத்திக் கத்துவார். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாரே, எழுதித் தள்ளிவிடுவார் என்று நாங்கள் மூன்று பேரும் எப்படி நினைத்தோம்? பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே வாழ்ந்த அம்மா ஒருத்தி, ஒருத்தருக்காவது தோன்றியதா? ரெஃப்ரெஷ் ரேட்டாம்! செம்பியனை இந்த டேப்பாலேயே ஒன்று போட வேண்டும். அவனை மட்டும் ஏன், எனக்கும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

"டைப் பண்ணத் தெரியாதவங்களா இருந்தா?" என்று கேட்டேன். குருபிரசாத் பளிச்சென்று நிமிர்ந்தார், இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி. "பிரச்சினையே இல்ல மேடம், வாய்ஸ் டைப்பிங் இருக்கு. வாயால பேசினாப் போதும், அதுவே எழுதிக்கும். வயசானவங்களுக்கு அதான் மேடம் ஈஸி." எனக்குத் தலைக்குள் என்னவோ தெறித்தது. எழுதினால் பேசும் என்று நான் வந்திருக்கிறேன், பேசினால் எழுதும் என்று இவர் நிற்கிறார், சிரித்துக்கொண்டே வேறு நிற்கிறார். "அவருக்குக் குரலே இருக்காதுங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, "எங்கப்பா. நாளன்னிக்குக் குரல்வளைய எடுக்கறாங்க. அப்புறம் பேச்சே வராது." வாஷிங் மெஷின்காரர்கள் மறுபடி திரும்பினார்கள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, இதை இப்படி முழுசாக, ஒளிக்காமல், ஒரே மூச்சில் நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. யாரிடம்? பாண்டி பஜாரில் டேப் விற்கிறவரிடம். அவர் முகத்திலிருந்த சிரிப்பை எடுத்துவிட்டார். ஸாரி மேடம் என்றார். பிறகு அதே டேப்பில் வேறு எதையோ இறக்கினார். கட்டம் கட்டமாகப் படங்கள் வந்தன, தண்ணீர் டம்ளர், சோறு, கட்டில், ஃபேன், அழுகிற முகம். அழுத்தினால் பேசுகிறது, சின்னக் குழந்தைக் குரலில். "குரல் மாத்திக்கலாம் மேடம். ஒவ்வொரு பட்டனுக்கும் யார் குரல் வேணுமோ அவங்களே பேசி ரெகார்ட் பண்ணி வெச்சுடலாம். உங்கப்பா…" கொஞ்சம் தயங்கினார், "இன்னும் ஆபரேஷன் ஆகலைன்னா, அவரே பேசி வெச்சுடட்டுமே மேடம்?"

இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் மட்டும்… செம்பியனுக்கு நானே போன் போட்டேன், சொன்னேன். "அக்கா, ஸோக்கா கீதுக்கா இந்த ஐடியா!" என்று குதித்தான். "இன்னிக்கே எடுத்துருவோம். ஆனா எதுக்குன்னு சொல்லாத. என் பையன் ஸ்கூல்ல ப்ராஜெக்டு, தாத்தா குரல் வேணுமாம்னு சொல்லிடு. ஜாலியா பேசி குடுத்துரும்." மறுபடியும் பார், ஒரு பொய் போதவில்லை, அதன் மேல் இன்னொரு பொய், மாடிமேல் மாடி. சரி, அப்படியே வைத்துக்கொள், எதைப் பேசச் சொல்வது? தண்ணி குடு, வலிக்குது, ஃபேன் போடு, இதெல்லாம் எந்தப் பிள்ளையின் ப்ராஜெக்ட்? முதல் கட்டத்திலேயே பிடித்துவிடுவார், கண்ணாடியில் ஒரு தடவை முகத்தைப் பார்த்தே இந்தக் கிராக்கி பேசின காசு தராது என்று சொல்கிற ஆள் அவர். பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், தண்ணி குடு என்று மட்டும் சொல்லிக்கொண்டா உயிரோடு இருப்பார்? திட்ட வேண்டாமா? அம்மாவை எங்க பூட்ட என்று கேட்க வேண்டாமா? சிக்னலில் குறுக்கே வருகிறவனுக்கு ஒரு கட்டம், ஸ்டாண்டில் முந்திக்கொண்டு சவாரி ஏற்றுகிறவனுக்கு ஒரு கட்டம்… எத்தனை கட்டம்தான் போடுவது? நாளைக்கு என் பெண் வந்து தாத்தா, எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? அந்தப் பதிலை இன்றைக்கே எப்படி வாங்கி வைப்பது? கேள்வியே இன்னும் பிறக்கவில்லையே.

கவர் காட்டட்டுமா மேடம் என்று குருபிரசாத் மெதுவாகக் கேட்டார், மேலே பிடி வைத்தது ஒன்று இருக்கிறது, கட்டிலில் நிறுத்திக்கொள்ளலாம், குழந்தைகளுக்கு என்று வருவது, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. பார்க்க ரப்பர் பொம்மை மாதிரி இருந்தது. சரி, இதுவும் இருக்கட்டும், இதையே பில் போடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன், மறுபடி போன். நைனா. மெசேஜ் இல்லை, போனே போட்டுவிட்டார். பின்னால் ஸ்டாண்டின் இரைச்சல், ஹாரன், யாரோ சிரிக்கிறார்கள். தொண்டையைச் செருமினார், காற்று வந்தது, மறுபடி செருமினார். "இன்னாமா, வாங்கிட்டியா இல்லியா?" வாங்கிக்கினு கீறேன் நைனா, பெரிசுதான், சவுண்டு நல்லா கீது. "அதான் கேட்டேன். இங்க எல்லாம் சொம்மா சொம்மா கேட்டுக்கினு கீறானுங்க, ஆபரேஷனு எப்போ, எத்தினி நாளுன்னு. நீ யாருக்கும் போன் பண்ணிக்கினு இருக்காத, இன்னா? முடிஞ்சதும் நானே ஒவ்வொருத்தனுக்கா பேசிக்கறேன். அந்த டேப்புல மூஞ்சி பாத்துகூட பேசலாம்ல?" பேசலாம் நைனா. "ஆங், அதான். பெர்சா தெரிவானுங்க."

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் பயந்துவிடுவார், அதனால்தான் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக நானே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மா அதையே சொல்கிறாள், செம்பியன் அதையே சொல்கிறான், பாவம் நைனா தாங்காது, நைனா தாங்காது என்று… ஆற்றோரம் வீடு போனபோது தாங்கினவர் யார்? எங்கள் மூன்று பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அடுப்பையும் பாயையும் மேலே கட்டிக்கொண்டு, வழியெல்லாம் தமாஷ் பேசிக்கொண்டே போனவர் யார்? அவர் தாங்குவார். சொன்ன அந்த நிமிஷம் கத்துவார், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும், என்னக் கேக்காம நீங்க யாருடி என் தொண்டைய முடிவு பண்றதுக்கு என்பார். கத்திவிட்டு ஒரு வேளை, வேணாம் என்பார். பேச்சு போயிட்டு உயிர் மட்டும் எதுக்குமா, எனக்கு இது வேணாம், இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன் என்பார். நம் நைனா சொல்லக்கூடிய ஆள்தான். அதைத்தான் கேட்கப் பயப்படுகிறோமா? அவர் தாங்கமாட்டார் என்பதெல்லாம் சும்மா, அவர் சொல்வதை நாங்கள் தாங்கமாட்டோம், அதனால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாத நாள் வந்து சேரட்டும் என்று மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறோமா? டாக்டரம்மா கேட்பார்தான், நாளைக்குக் கேட்பார், கட்டிலில் உட்கார வைத்து, பச்சைச் சட்டை போட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, பேனாவை நீட்டிக் கேட்பார், அப்போது எந்த மனுஷன் வேணாம் என்று சொல்வான்? அதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டால் போதும் என்றுதானே…

நைனா, எங்க கீற, என்றேன். "ஸ்டாண்டுலதான், வேற எங்க?" அங்கியே இரு, சவாரி ஏத்தாத, நான் வரேன். "எதுக்கு? இன்னா வெசயம்? போன்லயே சொல்லேன்." குருபிரசாத் டேப்பைத் துடைத்து டப்பாவில் வைத்து, மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பில் போடலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, வேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டால் இது எதற்கு, சரி என்று சொல்லிவிட்டால் இது எதற்குப் போதும்? முதல் வார்த்தையாக எதைச் சொல்வது, நைனா என்று ஆரம்பிக்கலாம், அதற்கு அடுத்தது? ஒரு கடைக்காரரிடம் ஒரே மூச்சில் கொட்டினேனே, அதே வார்த்தைதானே? போனில் அவர் மூச்சு கேட்கிறது, கரகரவென்று, செருமுகிறார். "ஜோதி… லைன்ல கீறியா?" கீறேன் நைனா. "அப்பறம் இன்னாமா, சொல்லு" என்கிறார், அவசரமே இல்லாமல், நாளெல்லாம் பேசுவதற்கு நேரம் இருக்கிறவர் மாதிரி.